ஐ.சி.யூ. சுவருக்குள் ஏறும் சூடு

மகாராஷ்டிரத்தில் பண்டாரா மாவட்ட அரசு மருத்துவமனை. 2021 ஜனவரி 9, பின்னிரவு. பச்சிளங்குழந்தைகளுக்கான சிறப்புப் பிரிவில் தீப்பிடித்தபோது உள்ளே 17 குழந்தைகள் இருந்தன. ஏழு குழந்தைகளைத்தான் தூக்கிவர முடிந்தது. இறந்த பத்தில் மூன்று குழந்தைகளையே தீ தொட்டிருந்தது. மற்ற ஏழும் புகையில் மூச்சடைத்து இறந்தன. வார்மர் ஒன்றின் கட்டுப்பாட்டுப் பெட்டியில் ஏற்பட்ட மின்பழுதே தொடக்கம் என்று விசாரணையில் தெரியவந்தது. குறைமாதத்தில் பிறந்த குழந்தையின் உடம்பு குளிர்ந்துவிடாமல் காப்பதற்கு வைத்த கருவி அது.

அந்த ஆண்டு அதோடு முடியவில்லை. ஏப்ரல் 23 விடியற்காலையில் மும்பைக்கு வடக்கே விராரில் ஒரு தனியார் மருத்துவமனை ஐ.சி.யூ. எரிந்து 13 கொரோனா நோயாளிகள் அன்றே இறந்தனர். மே 1, குஜராத்தின் பரூச்: 16 நோயாளிகள், இரண்டு பயிற்சிச் செவிலியர்கள். நவம்பர் 6, அகமத்நகர் அரசு மருத்துவமனை ஐ.சி.யூ.: 11 பேர். இரண்டே நாள் கழித்து போபாலில் ஒரு பச்சிளங்குழந்தைப் பிரிவு: நான்கு குழந்தைகள். முந்தைய ஆண்டில் அகமதாபாத்தில் எட்டுப் பேர், ராஜ்கோட்டில் ஐந்து பேர் இதே போலத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இறந்திருந்தார்கள். 2024 நவம்பர் 15 இரவு ஜான்சி மருத்துவக் கல்லூரியில் பச்சிளங்குழந்தைப் பிரிவு எரிந்தது. அன்றிரவே பத்துக் குழந்தைகள் இறந்தன, மீட்கப்பட்டவற்றிலும் சில அடுத்த நாள்களில் பிழைக்கவில்லை.

ஊர்களும் நிர்வாகங்களும் வேறு வேறு. ஆனால் தீப்பிடித்த இடம் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருக்கிறது: நாள் முழுவதும் ஏ.சி. ஓடும், ஆக்சிஜன் பாயும், கருவிகள் ஓயாமல் வேலைசெய்யும் மூடிய அறை. பெரும்பாலும் இரவு நேரம். ஏறக்குறைய எல்லாவற்றிலும் முதல் சந்தேகம் மின்சாரத்தின்மீது விழுந்தது. இதைத் தற்செயல் என்று ஏற்க என்னால் முடியவில்லை. கட்டடம் திறந்த நாளில் போட்ட மின்கணக்கை நம் மருத்துவமனைகள் அதன்பிறகு திரும்பப் போடுவதில்லை. அறைக்குள் கருவிகள் வந்துகொண்டே இருக்கின்றன, சுவருக்குள் இருக்கும் கம்பி மட்டும் பழையது.

கணக்கு எளிமையானது. சுவரில் உள்ள சாதாரண பிளக் பாயிண்ட் 6 ஆம்பியருக்கானது. 230 வோல்ட்டில் அதன் எல்லை 1,380 வாட். ஒரு வார்மர் 600 வாட், சில மாடல்கள் அதற்கும் மேல் இழுக்கும். இரண்டு வார்மர்களை ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகி, மஞ்சள்காமாலைக்கான நீல விளக்கையும் சளி உறிஞ்சும் சக்ஷன் கருவியையும் அதிலேயே மாட்டினால் எல்லை கடந்துவிடும். அந்த நேரத்தில் எதுவும் நடக்காது. விளக்கு எரியும், வார்மர் சுடும், எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும். ஆனால் கம்பியில் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிப் பெருக்கமாக ஏறுகிறது. மின்னோட்டம் 20 சதவீதம் கூடினால் வெப்பம் 44 சதவீதம் கூடும். ஜான்சியில் தீப்பிடித்த பிரிவு 18 குழந்தைகளுக்கானது என்றும், அன்றிரவு அங்கே 49 குழந்தைகள் இருந்தன என்றும் செய்திகள் வந்தன. குழந்தைகள் கூடும்போது கருவிகளும் கூடத்தான் செய்யும். எந்த மருத்துவரும் இடமில்லை என்று குறைமாதக் குழந்தையைத் திருப்பி அனுப்ப விரும்பமாட்டார். அதனால்தான் அந்த அறையின் மின்வழியை, நிரம்பி வழியும் நாளை மனத்தில் வைத்துப் போட்டிருக்க வேண்டும்.

“எம்.சி.பி. இருக்கிறதே, லோடு கூடினால் டிரிப் ஆகிவிடுமே” என்பது வழக்கமான பதில். எம்.சி.பி.யை நம்பலாம், அது எதற்காகச் செய்யப்பட்டதோ அதற்கு மட்டும். 16 ஆம்பியர் எம்.சி.பி. 18 ஆம்பியர்வரை டிரிப் ஆகாமல் இருக்கும்படிதான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. ஒரு மணி நேரத்துக்குள் கட்டாயம் டிரிப் ஆக வேண்டிய அளவு சுமார் 23 ஆம்பியர். இடைப்பட்ட அளவில் கம்பி மணிக்கணக்கில் சூடேறிக்கொண்டிருக்கலாம். அதைவிட மோசமானது தளர்ந்த இணைப்பு. பிளக் பாயிண்டின் பின்னால் ஒரு திருகு லேசாகத் தளர்ந்து, அங்கே 0.1 ஓம் மின்தடை உருவாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதன் வழியே 15 ஆம்பியர் ஓடினால் அந்த ஒரு புள்ளியில் 22 வாட்டுக்கு மேல் வெப்பம் பிறக்கும். ரேடியோ ரிப்பேர் கடையில் ஈயத்தை உருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். எம்.சி.பி.யின் பார்வையில் இதில் குற்றம் எதுவும் இல்லை. 15 ஆம்பியர் அதன் எல்லைக்குள்தானே இருக்கிறது. சாதாரண பி.வி.சி. உறை 70 டிகிரி செல்சியஸ்வரைதான் தொடர்ந்து தாங்கும்.

வீட்டில் இப்படிச் சூடேறும் பிளக் பாயிண்டுக்கு இடையிடையே ஓய்வு உண்டு. ஐ.சி.யூ.வில் இல்லை. ஏ.சி.யை ஒரு நிமிடம்கூட நிறுத்த முடியாது, வென்டிலேட்டரைக் கழற்றிவிட்டுச் சுவரைப் பிரிக்க முடியாது. எனவே எலக்ட்ரீஷியன் அங்கே போவதே அபூர்வம். மருத்துவமனையில் எந்த அறை ஓயாமல் சூடேறுகிறதோ அதுவே பராமரிப்புக்குக் கடைசியாகக் கிடைக்கும் அறையாகவும் இருக்கிறது. சுவரைப் பிரிக்காமலேயே சூட்டைக் காட்டும் தெர்மல் கேமரா இப்போது பரவலாகக் கிடைக்கிறது. ஒரு வென்டிலேட்டருக்குப் பல லட்சம் செலவிடும் மருத்துவமனைக்கு அது பெரிய செலவே இல்லை. போர்டுகளையும் பிளக் பாயிண்டுகளையும் அதைக் கொண்டு மாதம் ஒருமுறை பார்த்தால், பழுக்கவிருக்கும் திருகு முன்கூட்டியே தெரிந்துவிடும்.

இனி ஆக்சிஜன். காற்றில் அது 21 சதவீதம். 23.5 சதவீதத்தைத் தாண்டினால் அந்த அறையை ஆக்சிஜன் செறிந்த சூழலாகக் கருத வேண்டும் என்பது பாதுகாப்புத் துறையினர் கைக்கொள்ளும் எல்லை. மூக்குவழியாக வேகமாக ஆக்சிஜன் செலுத்தும் கருவி நிமிடத்துக்கு 60 லிட்டர்வரை தரும். ஐந்து நோயாளிகளுக்குத் தலா 40 லிட்டர் என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். மணிக்கு 12,000 லிட்டர், அதாவது 12 கன மீட்டர். உடம்பு எடுத்துக்கொள்வது நிமிடத்துக்குக் கால் லிட்டர்போலத்தான். மிச்சமெல்லாம் அறைக்குள் வந்துவிடுகிறது. பத்து மீட்டர் நீளம், ஆறு மீட்டர் அகலம், மூன்று மீட்டர் உயரமுள்ள அறையை முற்றிலும் அடைத்துவைத்தால் ஒரே மணி நேரத்தில் ஆக்சிஜன் 26 சதவீதத்தை எட்டும். சுவரில் மாட்டிய ஸ்பிளிட் ஏ.சி. புதுக் காற்றைக் கொண்டுவராது. உள்ளே இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பக் குளிர்விக்கும். ஏ.சி. ஓடுவதால் காற்றோட்டம் இருப்பதாக நினைப்பது இந்த அறைகளில் ஆபத்தான நம்பிக்கை. போர்வை, திரை, மெத்தை, நோயாளியின் தலைமுடி எல்லாவற்றிலும் ஆக்சிஜன் ஊறி நிற்கும். சாதாரணக் காற்றில் அணைந்துபோகும் பொறி அங்கே பற்றிக்கொள்ளும். பக்கத்திலேயே கை கழுவும் சானிடைசர் இருக்கிறது. அதில் பெரும்பங்கு ஆல்கஹால்.

கொரோனா காலத்தில் நடந்தது இதுதான். சாதாரண வார்டுகள் சில வாரங்களில் ஐ.சி.யூ.க்களாக மாறின. படுக்கை வந்தது, ஆக்சிஜன் குழாய் வந்தது, வென்டிலேட்டர் வந்தது. விஜயவாடாவில் ஒரு ஹோட்டலே கொரோனா மையமாகி, 2020 ஆகஸ்ட் 9 அன்று எரிந்தது. உயிர் காக்க அவசரமாகச் செய்ததைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அவசரம் முடிந்து ஆண்டுகள் ஆகிவிட்டன. அப்போது இழுத்த கம்பிகளில் எத்தனை இன்னும் அப்படியே தொங்குகின்றன என்பதை ஒவ்வொரு மருத்துவமனையும் இன்றைக்குள் எண்ணிவிடலாம்.

தீயைவிட முந்திக் கொல்வது புகை. பி.வி.சி. எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு, நுரை மெத்தை எரிந்தால் ஹைட்ரஜன் சயனைடு, இரண்டோடும் கார்பன் மோனாக்சைடு. கொல்கத்தாவின் தாக்குரியா பகுதியில் 2011 டிசம்பர் 9 அன்று ஏ.எம்.ஆர்.ஐ. மருத்துவமனையில் ஏறத்தாழ 90 பேர் இறந்தார்கள். தீ எரிந்தது அடித்தளத்தில். கார் நிறுத்துவதற்கான இடத்தில் எரியக்கூடிய பொருள்களைக் குவித்திருந்தார்கள். இறந்தவர்களில் பெரும்பாலானோர் இருந்ததோ மேல்தளங்களில். மத்திய ஏ.சி.யின் காற்றுக்குழாய்களும் படிக்கட்டுகளும் புகையை மாடி மாடியாகக் கொண்டுபோய்ச் சேர்த்தன. கட்டடத்தைச் சுற்றிலும் திறக்க முடியாத கண்ணாடி. அருகிலிருந்த குடிசைப்பகுதி மக்கள் புகையைப் பார்த்து ஓடிவந்தபோது காவலாளிகள் திருப்பி அனுப்பியதாக அப்போதே செய்தி வந்தது. கேரளத்தைச் சேர்ந்த இரண்டு செவிலியர்கள், பெண்கள் வார்டிலிருந்து நோயாளிகளை ஒவ்வொருவராக வெளியேற்றிவிட்டு மறுபடியும் உள்ளே போனவர்கள், திரும்பி வரவேயில்லை.

நம் பழைய அரசு மருத்துவமனைகளின் உயர்ந்த கூரையையும் நீண்ட தாழ்வாரத்தையும் பெரிய ஜன்னல்களையும் வசதிக் குறைவு என்று பேசிப் பழகிவிட்டோம். புகை வெளியேற அங்கே வழி இருக்கிறது, ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு இறங்கச் சாய்தளமும் இருக்கிறது. கண்ணாடிச் சுவரெழுப்பிய புதுக் கட்டடங்களில் பலவற்றில் இரண்டுமே இல்லை.

திண்டுக்கல்லில், திருச்சி சாலையில் உள்ள தனியார் மருத்துவமனை ஒன்றில் 2024 டிசம்பர் 12 இரவு தீப்பிடித்தது. ஒரு சிறுமி உட்பட ஆறு பேர் இறந்தார்கள். லிஃப்டுக்குள் மயங்கிக் கிடந்த நிலையில் அவர்களை மீட்டதாகச் செய்திகள் கூறின. மின்சாரம் நின்றால் லிஃப்டும் நிற்கும். லிஃப்டு இறங்கும் குழியோ புகைக்குப் புகைபோக்கி. தீயின்போது லிஃப்டில் ஏறக்கூடாது என்று சுவரில் எழுதிவைப்பது எளிது. எலும்பு முறிந்து படுத்திருப்பவரை மாடியிலிருந்து எப்படி இறக்குவது என்ற கேள்விக்கு அந்தப் பலகையில் பதில் இல்லை. பதில் கட்டட அமைப்பிலேயே இருக்க வேண்டும். ஒவ்வொரு தளத்தையும் தீ தாங்கும் கதவுகளால் பகுதிகளாகப் பிரித்து, எரியும் பகுதியில் உள்ள நோயாளிகளை அதே தளத்தில் அடுத்த பகுதிக்குக் கட்டிலோடு தள்ளிவிடுவதே மருத்துவமனைகளுக்கு ஏற்ற முறை. படியிறங்குவதெல்லாம் அதற்குப் பிறகுதான். அந்தக் கதவு முட்டுக்கட்டை வைத்துத் திறந்தே கிடந்தாலும், திருட்டுக்குப் பயந்து பூட்டியிருந்தாலும் எல்லாம் வீண்.

தீ கண்ணுக்குத் தெரியும். தெரியாமலே கொல்லும் மின்சாரமும் மருத்துவமனையில் உண்டு. ஒரு மில்லி ஆம்பியர் மின்னோட்டம் விரலில் பட்டால் லேசான கூச்சம் தெரியும். 10 மில்லி ஆம்பியருக்கு மேல் போனால் பிடித்த கையை விடுவிக்க முடியாது. நெஞ்சுவழியாக 100 மில்லி ஆம்பியர் பாய்ந்தால் இதயம் தாறுமாறாகத் துடித்து நின்றுவிடலாம். இந்தக் கணக்கெல்லாம் தோல் தடுத்துக் காக்கும் உடம்புக்கு. தற்காலிக பேஸ்மேக்கர் கம்பியோ, இதயம்வரை போகும் குழாயோ பொருத்தியிருக்கும் நோயாளிக்குத் தோலின் காவல் இல்லை. அவருக்கு ஒரு மில்லி ஆம்பியரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான மின்னோட்டமே போதும். எர்த்து சரியில்லாத கருவியின் உலோகப் பெட்டியில் ஒரு கையை வைத்தபடி, மறுகையால் அந்தக் கம்பியின் முனையைச் செவிலியர் தொட்டால், அவர் உடம்பின் வழியாகவே நோயாளியின் இதயத்துக்கு அது போய்ச் சேரும். செவிலியருக்கு எதுவும் தெரியாது. மானிட்டரில் கோடு மாறும், நோயின் போக்கு என்றே எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள்.

இதனால்தான் இதயத்தோடு நேரடித் தொடர்புள்ள கருவிகளுக்குத் தனி வகுப்பு உண்டு. சதுரத்துக்குள் இதயம் வரைந்த சின்னம் அவற்றில் இருக்கும். சரியாக வேலைசெய்யும் நிலையில் நோயாளிக்குள் கசியும் மின்னோட்டம் 10 மைக்ரோ ஆம்பியருக்குள், ஒரு பழுது ஏற்பட்டாலும் 50க்குள் என்பது சர்வதேசத் தரம். புதுக்கருவி அந்தத் தரத்தோடுதான் வருகிறது. ஐந்து ஆண்டு உருண்டு, வயர் நசுங்கி, உள்ளூர்க் கடையில் பிளக் மாற்றிய பிறகும் அது அதே தரத்தில் இருக்கிறதா என்று அளந்து பார்க்கப் பயோமெடிக்கல் பொறியாளரும் அளவுகருவியும் வேண்டும். மூன்று முள் பிளக்கில் எர்த்து முள் நீளமாக இருப்பது, செருகும்போது அது முதலில் சேர்ந்து, பிடுங்கும்போது கடைசியாக விடுபட வேண்டும் என்பதற்காக. அதை ஒடித்துவிட்டு இரண்டு முள் பாயிண்டில் செருகுபவர் நோயாளியின் கடைசிக் காவலையும் எடுத்துவிடுகிறார். பார்த்த இடத்திலேயே அந்தக் கருவியைப் பயன்பாட்டிலிருந்து விலக்க வேண்டும்.

மின்சாரம் இல்லாமல் போவதும் ஆபத்தே. 2019 மே மாதம் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் மின்தடையின்போது வென்டிலேட்டரில் இருந்தவர்கள் இறந்ததாக உறவினர்கள் குற்றம்சாட்டினார்கள். இறப்புக்கும் மின்தடைக்கும் தொடர்பில்லை என்று மருத்துவமனை மறுத்தது. யார் சொன்னது சரி என்பதற்குள் நான் போகவில்லை. ஜெனரேட்டர் உண்மையான லோடோடு கடைசியாக எப்போது ஓட்டிப் பார்க்கப்பட்டது, எத்தனை நொடியில் மின்சாரம் திரும்பியது என்பதற்குத் தேதியோடு எழுதிய பதிவேடு இருந்தால் இப்படியொரு சந்தேகத்துக்கு உடனே பதில் சொல்லிவிடலாம். உயிர்காக்கும் கருவிகளுக்கு 15 நொடிக்குள், அறுவைசிகிச்சை மேசை விளக்குக்கு அரை நொடிக்குள் மாற்று மின்சாரம் வர வேண்டும் என்பது சர்வதேச நெறி. ராஜஸ்தானின் கோட்டா நகரில் 2020 ஜூனில், ஏர்கூலரை மாட்டுவதற்காகக் குடும்பத்தினரே தெரியாமல் வென்டிலேட்டர் பிளக்கைப் பிடுங்கியதால் நோயாளி இறந்ததாகப் புகார் எழுந்து விசாரணை நடந்தது. உயிர்காக்கும் கருவிக்கான பிளக் பாயிண்டுக்குத் தனி நிறம் கொடுத்திருந்தால் அந்தச் சந்தேகத்துக்கே இடம் இருந்திருக்காது. செல்போன் சார்ஜருக்கு வேறு இடமும் தர வேண்டும். தராவிட்டால் உறவினர்கள் கண்ட இடத்தில் செருகத்தான் செய்வார்கள்.

ஜெனரேட்டர் விஷயத்தில் வெளியே நிற்கும் இன்னொரு தொழிலாளியையும் நினைக்க வேண்டும். சேஞ்ச்ஓவர் சுவிட்ச் ஒழுங்காக இல்லாத இடத்தில் ஜெனரேட்டரின் மின்சாரம் ஈ.பி. லைனுக்குள் திரும்பிப் பாயும். லைன் அணைந்திருக்கிறது என்று நம்பிக் கம்பத்தில் ஏறிய வயர்மேன் அதற்குப் பலியாவார்.

2020 டிசம்பர் 18 அன்று உச்ச நீதிமன்றம், ராஜ்கோட் தீயைத் தானாகவே முன்வந்து விசாரித்து, கொரோனா மருத்துவமனைகள் அனைத்திலும் தீத்தணிக்கை நடத்த வேண்டும், ஒவ்வொன்றிலும் பொறுப்பு அலுவலரை நியமிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. பண்டாரா தீ அதற்கு மூன்று வாரம் கழித்து நடந்தது. மத்திய மின்சார ஆணையத்தின் 2010ஆம் ஆண்டு விதிமுறைகளில், மின் அமைப்புகளை ஐந்து ஆண்டுக்கு மிகாத இடைவெளியில் ஆய்வுசெய்ய வேண்டும் என்று இருந்தது. ஐந்து ஆண்டு என்பது ஐ.சி.யூ.வுக்கு மிக நீண்ட காலம். அதற்குள் ஒரு வார்டின் கருவிகள் முழுவதும் மாறிவிடும். புதிதாக ஒரு கருவி வார்டுக்குள் வந்தால், அந்த அறையின் லோடு கணக்கில் ஒரு வரி சேர்ந்து, அதில் ஒரு பொறியாளர் கையெழுத்திட வேண்டும் என்பதை ஒவ்வொரு மருத்துவமனையும் விதியாக வைத்துக்கொள்ளலாம். யார் அனுமதியும் தேவையில்லை.

தீ நடந்த பிறகு என்ன நடக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். பண்டாராவில் செவிலியர்கள்மீது வழக்குப் பதிந்தார்கள். அகமத்நகரில் மூன்று நாள் கழித்து ஒரு பெண் மருத்துவரையும் மூன்று செவிலியர்களையும் கைதுசெய்தார்கள். இரவுப் பணியில் இருந்தவர்கள் கடமை தவறியிருந்தால் விசாரிக்கட்டும். ஆனால் சுவருக்குள் எந்தக் கம்பி போகிறது என்பதைத் தீர்மானித்தவர் அவர்களில் யாரும் இல்லை. கூடுதல் படுக்கை போடச் சொன்னவரும் அவர்கள் இல்லை, ஏ.சி.க்குத் தனி லைன் வேண்டாம் என்று செலவைக் குறைத்தவரும் அவர்கள் இல்லை. ஜான்சியில் தன் உடையில் தீப்பற்றிய பிறகும் வேறு உடை மாற்றிக்கொண்டு குழந்தைகளைத் தூக்கிவந்த செவிலியரைப் பற்றிப் படித்தோம். அந்தத் துணிச்சல் தேவைப்படாத வார்டை அவருக்குக் கொடுத்திருக்க வேண்டும். தீயணைப்பானை ஒருமுறையாவது கையால் இயக்கிப் பழக்காமல், ஆக்சிஜன் குழாயின் வால்வு எங்கே இருக்கிறது, அதை மூடச் சொல்லும் அதிகாரம் யாருக்கு என்று எழுதிக்கொடுக்காமல் ஒருவரை இரவுப் பணிக்கு அனுப்புவது நிர்வாகத்தின் குற்றம்.

உறவினரை மருத்துவமனையில் சேர்க்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். கட்டிலருகே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இன்னொரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் செருகியிருந்தால், பிளக் பாயிண்ட் கருகியிருந்தால், தொட்டால் சுட்டால், பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தால், அந்த நிமிடமே பணியிலிருக்கும் செவிலியரிடம் சொல்லுங்கள். அவர் கையில் தீர்வு இருக்காது. ஆகவே நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். படுக்கைக்கு அருகிலுள்ள அவசர வழிக் கதவு திறக்கிறதா என்று முதல் நாளே தள்ளிப் பாருங்கள். பூட்டியிருந்தால் திறக்கும்வரை கேளுங்கள்.